விண்வெளியிலிருந்து நகரங்களின் இரவுப் படங்கள்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிப் பணிபுரியும் விண்வெளி வீரர்கள், பூமியின் இருண்ட பக்கத்தைக் கடக்கும்போது கீழே எரியும் நகர விளக்குகளை வண்ண ஒளிப்படங்களாக எடுத்து வருகின்றனர். தெருக்கள், ஆற்றுப் பாலங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றைப் பிரித்தறியக்கூடிய அளவுக்குத் தெளிவான இத்தகைய படங்கள் 2003ஆம் ஆண்டிலிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கத் தொடங்கின. மனிதர் விண்வெளிக்குச் செல்லத் தொடங்கியதோ 1961இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பகலில் எடுத்த பூமிப் படங்கள் ஏராளமாகக் குவிந்தன. இரவு நகரங்களின் கூர்மையான படங்கள் மிக அரிதாகவே இருந்தன. இதற்கு வெளிச்சக் குறைவு மட்டுமே காரணம் என்று பலரும் நினைப்பதுண்டு. கேமராவைத் தாங்கியிருக்கும் வாகனம் ஓடிக்கொண்டே இருப்பதுதான் அதைவிடப் பெரிய காரணம்.

இப்படங்கள் அழகுக்காக மட்டும் பாதுகாக்கப்படுவதில்லை. உலக நகரங்களின் தெருவிளக்குகள் எந்த நிறத்தில் எரிந்தன, எந்த ஆண்டுகளில் அந்த நிறம் மாறியது என்பதற்கு உலகளவில் நீண்ட காலத்துக்குக் கிடைக்கும் வண்ணச் சான்று இவையே. இரவு விளக்குகளை நாள்தோறும் அளக்கும் செயற்கைக்கோள்கள் இருந்தும், நிறத்தைப் பொறுத்தவரை அவற்றால் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை. அதன் காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

கண்ணுக்குத் தெரிந்தது, ஃபிலிமில் விழவில்லை

1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க வீரர் ஜான் கிளென் 'ஃபிரெண்ட்ஷிப் 7' விண்கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றி வந்தார். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகர மக்கள், அவர் தங்கள் நகரத்தைக் கடக்கும் நேரத்தில் வீட்டு விளக்குகளையும் தெருவிளக்குகளையும் எரியவிட்டனர். கிளென் அந்த ஒளியைக் கண்டு, விளக்கேற்றியவர்களுக்கு நன்றி தெரிவிக்கும்படி தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்டுக்கொண்டார். 1998இல் தமது 77ஆம் வயதில் அவர் மீண்டும் விண்வெளிக்குச் சென்றபோதும் பெர்த் நகரம் அவருக்காக விளக்கேற்றியது.

1962 பயணத்தில் கிளெனிடம் ஒரு சிறிய 35 மி.மீ. கேமரா இருந்தது. ஃபுளோரிடாவில் ஒரு கடையில் வாங்கப்பட்டு, கையுறையோடு இயக்குவதற்கு ஏற்றபடி மாற்றியமைக்கப்பட்ட சாதாரண கேமரா அது. விண்வெளியிலிருந்து தெரியும் சூரிய அஸ்தமனத்தை அவர் அதில் படமெடுத்தார். நகர விளக்குகளைப் படமெடுக்க அக்கால ஃபிலிம் போதாது. மங்கிய ஒளியையும் பதியும் 'வேகமான' ஃபிலிம்கள் பின்னாளில் வந்தன. ஆனால் விண்வெளிக் கதிர்வீச்சு பட்டால் அந்த வகை ஃபிலிம் விரைவில் மூட்டமடைந்து கெட்டுவிடும். எனவே டிஜிட்டல் கேமரா விண்வெளிக்குச் சென்ற பிறகுதான் இந்தக் கலைக்கு வழி பிறந்தது என்று சொல்லலாம்.

வேகத்தின் கணக்கு

விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ. வேகத்தில் செல்கிறது. தரையில் அதன் நேர்க்கீழ்ப் புள்ளி நொடிக்குச் சுமார் 7.2 கி.மீ. நகரும். பூமியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். அதில் இரவுப் பகுதி பெரும்பாலும் 35 நிமிடம் அளவில் இருக்கும். ஒரு நகரம் முன்புறம் 45 பாகை சாய்வில் தென்படத் தொடங்கி, பின்புறம் அதே சாய்வில் மறைவதற்குள் இரண்டு நிமிடங்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

இந்த வேகம் படத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். பகலில் ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டர் திறந்தாலே போதிய ஒளி கிடைத்துவிடும். அந்த நேரத்தில் தரை நகர்வது ஏறக்குறைய 7 மீட்டர் மட்டுமே. இரவில் முப்பதில் ஒரு நொடியாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் தரை 240 மீட்டர் நகர்ந்துவிடும். கால் நொடி திறந்திருந்தால் 1.8 கி.மீ. அதாவது ஒரு தெருவிளக்கு புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். அடுத்தடுத்த தெருக்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நகரம் முழுவதும் ஒளித் தீற்றலாகிவிடும்.

இந்த இழுவை எல்லா லென்சுகளிலும் ஒரே அளவில் தெரிவதில்லை. விண்வெளி நிலையத்தில் பல ஆண்டுகள் பயன்பட்ட நிக்கான் டி3எஸ் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமுடையது; அதில் ஒரு வரிசைக்கு 4,256 படப்புள்ளிகள் உண்டு. 24 மி.மீ. அகலக் கோண லென்சைப் பொருத்தி நேர்க்கீழாக எடுத்தால், ஒரு படத்தில் 600 கி.மீ. அகலமுள்ள நிலப்பரப்பு அடங்கும். ஒரு படப்புள்ளி தரையில் சுமார் 140 மீட்டரைக் குறிக்கும். முப்பதில் ஒரு நொடியில் ஏற்படும் 240 மீட்டர் இழுவை அங்கே இரண்டு படப்புள்ளிகளைக்கூட எட்டாது. கண்ணுக்கு அது தெரியாது. அதே கேமராவில் 400 மி.மீ. தொலைநோக்கு லென்சைப் பொருத்தினால் படத்தின் அகலம் 36 கி.மீ.தான், ஒரு படப்புள்ளி தரையில் எட்டரை மீட்டர். இப்போது அதே 240 மீட்டர் இழுவை 28 படப்புள்ளி நீளத்துக்குத் தெரியும்.

ஐரோப்பா முழுவதும் விளக்குகளால் மின்னும் பரந்த காட்சிகளை எடுப்பது எளிது என்பதும், ஒற்றை நகரத்தின் தெருக்களைக் காட்டும் படம் கடினமானது என்பதும் இக்கணக்கிலிருந்தே விளங்கும். இணையத்தில் அதிகம் பரவுவது முதல் வகை. ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்படுவது இரண்டாம் வகை.

பெட்டிட் செய்த கருவி

வேதிப் பொறியியலாளரான டொனால்ட் பெட்டிட், 2002 நவம்பரில் ஆறாவது பயணக்குழுவின் உறுப்பினராக நிலையத்துக்குச் சென்றார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். விண்ணோடப் பயணங்கள் நிறுத்தப்பட்டதால், மார்ச்சில் திரும்பியிருக்க வேண்டிய பெட்டிட்டின் குழு மே மாதம் வரை அங்கேயே தங்க நேர்ந்தது. இறுதியில் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் பூமிக்கு வந்தது. அந்தப் பயணத்தின்போதுதான் அவர் நிலையத்தில் கிடந்த உதிரிப் பொருள்களைக் கொண்டு ஒரு பின்தொடரும் கருவியைச் செய்தார்.

இதன் அடிப்படை புதியதன்று. பொழுதுபோக்காக வானியல் பயில்வோர் வீட்டிலேயே செய்துகொள்ளும் 'கொட்டகைக் கதவுக் கருவி'தான் அது. இரண்டு பலகைகளைக் கீல் வைத்து இணைத்து, ஒன்றின் மேல் கேமராவைப் பொருத்துவார்கள். இடையிலுள்ள திருகாணியை மெதுவாகத் திருகினால் மேற்பலகை கதவு திறப்பதுபோல் கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்கும். பூமி சுழல்வதால் விண்மீன்கள் வானில் நகர்வதுபோல் தோன்றுகின்றன அல்லவா, அந்த நகர்வுக்குச் சரியாகக் கேமராவும் திரும்பிக்கொண்டே இருக்கும். விண்மீன்கள் கோடாகாமல் புள்ளியாகப் பதியும்.

பெட்டிட் இதே முறையை மேலிருந்து கீழே திருப்பினார். வேறுபாடு வேகத்தில் இருந்தது. விண்மீன்கள் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கின்றன. 400 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் நேர்க்கீழே உள்ள நகரம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1 பாகை நகர்கிறது. அதாவது 240 மடங்கு வேகம். போதாக்குறைக்கு, இந்த வேகம் சீரானதும் அன்று. நகரம் தொலைவில் இருக்கும்போது மெல்ல நகரும். நேர்க்கீழே வரும்போது விரையும். பின்னர் மீண்டும் மெதுவாகும். ஓடும் ரயிலின் சன்னலிலிருந்து ஒரு மரத்தைப் பார்ப்பவருக்கு இது பழகிய காட்சிதான்.

அந்தக் கருவியின் உதவியால் தெருக்கள் தெரியும் இரவுப் படங்கள் கிடைத்தன. விண்வெளியில் ஒரு சிக்கலுக்கு விடை காண வேண்டுமென்றால் பூமியில் பெரிய திட்டம் தீட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. இது பட்டறை அறிவால் தீர்ந்தது என்பதைப் பள்ளி மாணவர்களுக்கு எடுத்துச்சொல்வது நல்லது.

2012இல் ஐரோப்பிய விண்வெளி முகமை 'நைட்பாட்' என்னும் இயந்திரத் தாங்கியை நிலையத்துக்கு அனுப்பியது. நிலையத்தின் வேகத்தைக் கணக்கில் கொண்டு கேமராவைத் தானாகவே திருப்பும் கருவி அது. நெதர்லாந்து வீரர் ஆந்த்ரே கைபர்ஸ் அதனை அமைத்துப் பயன்படுத்தினார்.

குப்போலாவில் படமெடுத்தல்

2010 பிப்ரவரியில் நிலையத்தில் 'குப்போலா' என்னும் கண்ணாடி மாடம் பொருத்தப்பட்டது. இத்தாலியில் கட்டப்பட்ட இதில் பக்கவாட்டில் ஆறும் நடுவில் வட்டமாக ஒன்றும் என ஏழு சன்னல்கள் உள்ளன. நடுச் சன்னலின் விட்டம் 80 செ.மீ. பெரும்பாலும் பூமியை நோக்கியே அமைந்திருப்பதால் இரவுப் படங்களுக்கு இதுவே விருப்பமான இடமாயிற்று.

இங்கு முதல் எதிரி உள்ளிருக்கும் வெளிச்சம். கண்ணாடியில் நிலையத்தின் விளக்குகள் பிரதிபலித்தால் நகரத்தோடு அவையும் படத்தில் விழும். இரவில் பேருந்துக் கண்ணாடி வழியே வெளியே பார்க்க முயன்றவர்களுக்கு இது தெரியும். ஆகையால் விளக்குகளை அணைத்து, மாடத்தைக் கருந்துணியால் மறைத்துக்கொள்கிறார்கள். லென்சின் குவியத்தைக் கையாலேயே தொலைவுக்கு அமைக்க வேண்டும். தானியங்கிக் குவியம் இருட்டில் தடுமாறும்.

நல்ல உணர்திறன் கொண்ட சென்சார்கள் வந்த பின்னர், தாங்கி இல்லாமலே கையால் எடுக்கும் முறை பெருகியது. கால்களைக் கைப்பிடிக் கம்பிகளில் கோத்துக்கொண்டு, நகரத்தின் ஒரு பிரகாசமான புள்ளியைப் பார்வையில் பிடித்து, அது நகரும் வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு ஷட்டரை அழுத்துகிறார்கள். ஓடும் மிதிவண்டியைத் தொடர்ந்து படம் எடுக்கும் செய்தி ஒளிப்படக்காரரின் பழக்கமே இது. எடையற்ற நிலையில் கனமான தொலைநோக்கு லென்சைத் தூக்கிப்பிடிக்கும் சிரமம் இல்லை. ஆனால் உடம்பே மிதப்பதால், கேமராவைத் திருப்பினால் எடுப்பவரும் எதிர்ப்புறம் திரும்பிவிடுவார். தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, அவற்றில் கூர்மையானதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம்.

கேமராக்களும் அங்கே நெடுநாள் உழைப்பதில்லை. விண்கதிர்கள் சென்சாரைத் தாக்குவதால் அங்கங்கே படப்புள்ளிகள் கெட்டு, எந்நேரமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இருண்ட படத்தில் அவை வண்ணப் பொட்டுகளாகத் தெரியும். நகர விளக்கையும் கெட்ட படப்புள்ளியையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட வேண்டும். நகரம் இடம் மாறும். கெட்ட புள்ளி அதே இடத்தில் நிற்கும்.

நிறங்கள் சொல்வது

தெருவிளக்கின் வகைக்கேற்ப அதன் நிறம் மாறும். உயர் அழுத்தச் சோடியம் விளக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒளி தரும். அந்த ஒளியில் சிவப்புச் சேலைக்கும் பழுப்புச் சேலைக்கும் வேறுபாடு காண்பது கடினம். பாதரச ஆவி விளக்கு நீலப்பச்சை. மெட்டல் ஹாலைடு வெள்ளை. இப்போதைய வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு இருக்கும். இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். எனவே அதன் ஒளியில் நீலத்தின் பங்கு சோடியம் விளக்கைவிட மிகுதி.

இதனால்தான் ஜப்பான் நகரங்கள் தொடக்ககாலப் படங்களில் நீலப்பச்சையாகத் தெரிந்தன. அங்கே பாதரச விளக்குகள் மிகுதியாக இருந்தன. அதே காலத்தில் வேறு பல நாடுகளின் நகரங்கள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன.

பெர்லின் நகரத்தின் படம் இன்னும் வியப்பானது. கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் 2013 ஏப்ரலில் எடுத்த படத்தில் நகரத்தின் கிழக்குப் பாதி ஆரஞ்சாகவும் மேற்குப் பாதி வெண்மையாகவும் தெரிகின்றன. பெர்லின் சுவர் 1989இல் திறக்கப்பட்டது. இரு ஜெர்மனிகளும் 1990இல் இணைந்தன. ஆனால் கிழக்கில் சோடியம் விளக்குகளும், மேற்கில் ஒளிர்குழல், பாதரசம், எரிவாயு ஆகியவற்றால் எரியும் விளக்குகளும் அப்படியே நீடித்தன. மேற்கு பெர்லினில் எரிவாயுத் தெருவிளக்குகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் பழைய பிரிவினை விளக்கின் நிறத்தில் எஞ்சியிருந்தது. விளக்குகள் மாற்றப்பட மாற்றப்பட அந்தக் கோடு மங்கிக்கொண்டே வரும். அப்போது அது இருந்ததற்குச் சாட்சி இப்படங்களே.

இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து தெரியும் 2011 ஆகஸ்ட் மாதப் படமும் பலர் அறிந்தது. நகரங்களின் ஒளித்திட்டுகளுக்கு இடையே ஓர் ஆரஞ்சுக் கோடு நெளிந்து செல்கிறது. எல்லை வேலியோரம் இந்தியா அமைத்த ஒளிவெள்ள விளக்குகளே அவை. விண்வெளியிலிருந்து நாட்டு எல்லைகள் தெரிவதில்லை என்று மேடைகளில் சொல்வதுண்டு. பகலுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், இரவுக்குப் பொருந்தாது. 2014 ஜனவரியில் எடுத்த கொரியப் படத்தில் தென்கொரியாவும் சீனாவும் ஒளிர, நடுவிலுள்ள வடகொரியா கடலைப் போலவே இருண்டிருக்கிறது. தலைநகர் பியோங்யாங் மட்டும் சிறு தீவுபோல் தெரிகிறது.

தாய்லாந்து வளைகுடாவில் பச்சை நிறப் புள்ளிகள் கூட்டமாகத் தென்படுகின்றன. கணவாய் மீனைக் கவர்ந்திழுக்க மீனவர்கள் படகில் ஏற்றும் பச்சை விளக்குகள் அவை. அருகிலுள்ள பாங்காக் நகரத்தின் ஒளியோடு ஒப்பிட்டாலும் அவை எடுப்பாகத் தெரிகின்றன. கடலில் நகரம் ஏது என்று முதலில் பார்ப்பவர் திகைப்பது இயல்பு.

செயற்கைக்கோள் காணாத நீலம்

அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பல பத்தாண்டுகளாக இரவு விளக்குகளைப் பதிவு செய்கின்றன. 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளில் உள்ள 'வியர்ஸ்' கருவி, ஒவ்வோர் இரவும் உலகம் முழுவதையும் அளக்கிறது. தரையில் ஏறத்தாழ 750 மீட்டர் அளவுள்ள கட்டங்களாக அது ஒளியைப் பதியும். அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கருவியாதலால், எந்த ஊரில் எவ்வளவு ஒளி என்பதை எண்களாகத் தரும். விண்வெளி வீரரின் கைக்கேமராவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு படத்திலும் லென்சு, ஷட்டர் நேரம், சாய்வு எல்லாம் வேறு.

ஆயினும் வியர்ஸ் கருவியின் இரவுப் பிரிவு நிறத்தைப் பிரித்துக் காண்பதில்லை. மேலும் அது 500 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களையே உணர்கிறது. வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி 450 நானோமீட்டர் அளவில் உச்சம் பெறுகிறது. அதாவது அந்த நீலம் கருவியின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது. சோடியம் விளக்கின் ஒளியோ 589 நானோமீட்டர்ப் பகுதியில் உள்ளதால் நன்றாகப் பதிகிறது. இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நகராட்சி சோடியம் விளக்குகளை எல்லாம் கழற்றி வெள்ளை எல்.இ.டி. பொருத்தினால், தெருவில் நடப்பவர் கண்ணுக்கு ஒளி குறைந்திராது; கூடியும் இருக்கலாம். செயற்கைக்கோளின் பட்டியலிலோ அந்த நகரம் முன்பைவிட இருண்டுபோனதாகத் தோன்றக்கூடும்.

இத்தாலியின் மிலான் நகரம் இதற்கு நல்ல சான்று. அங்கே 2014, 2015 ஆண்டுகளில் தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டன. கைபர்ஸ் 2012இல் எடுத்த படத்தையும் இத்தாலிய வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி 2015இல் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், நகரின் மையப்பகுதி ஆரஞ்சிலிருந்து நீல வெள்ளைக்கு மாறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. புறநகர்ப் பகுதி அப்போதும் ஆரஞ்சாகவே இருந்தது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் அலெகாந்த்ரோ சான்செஸ் தெ மிகேலும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய படங்களில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் விகிதங்களைக் கணக்கிட்டு, விளக்கு வகையைக் கண்டறியும் முறையைக் கையாண்டனர். 2022இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவின் இரவு ஒளி சில ஆண்டுகளுக்குள் எவ்வளவு நீலம் நோக்கி நகர்ந்தது என்பதை நாடுவாரியாகக் காட்டியது. இத்தாலி, பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றில் மாற்றம் பெரிது. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் அவ்வளவு இல்லை.

நீலம் கூடினால் என்ன என்று கேட்கலாம். பகல் வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான ஒளிச்சிதறல் இங்கும் வேலை செய்கிறது. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறி நகரத்தின் மேல் ஒளிமூட்டமாகப் பரவும், விண்மீன்கள் மறையும். பூச்சிகளும் பறவைகளும் இரவில் திசை தடுமாறுகின்றன. கடலாமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையோர விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் அவை கடலை விட்டுச் சாலைப்பக்கம் போய்விடுகின்றன. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளைத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் சேகரித்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்துகின்றன என்பதில் ஐயமில்லை. மஞ்சள் சார்ந்த எல்.இ.டி. வகைகளும் சந்தையில் உள்ளன. ஒளியை மேல்நோக்கிச் சிதறவிடாத மூடியும் பொருத்தலாம். பளீர் வெள்ளைதான் நவீனம் என்ற எண்ணம்தான் பல ஊர்களில் தேர்வைத் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது.

இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாறின. அதற்கு முன் நம் ஊர்கள் இரவில் எப்படித் தெரிந்தன என்பதை வண்ணத்தில் காண வேண்டுமானால், 2003 முதல் 2014 வரை எடுக்கப்பட்ட இப்படங்களைத்தான் தேட வேண்டும்.

பெயரில்லாத படங்கள்

தேடுவது அவ்வளவு எளிதன்று. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் இப்படங்களையெல்லாம் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்துள்ளது. ஒவ்வொரு படத்துக்கும் பயணக்குழுவின் எண்ணும் வரிசை எண்ணும் உண்டு. எடுத்த நேரம் கேமராவின் கடிகாரத்திலிருந்து கிடைக்கும். அந்த நேரத்தில் நிலையம் எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்பதும் தெரியும். லென்சு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது மட்டும் தெரியாது. நிலையம் ஒரு நகரத்துக்கு நேர்மேலே இருக்கும்போது வீரர் பல நூறு கி.மீ. தள்ளியிருக்கும் வேறொரு நகரத்தை எடுத்திருக்கலாம். பகற்படத்தில் மலை, கடற்கரை, ஏரி என்று அடையாளங்கள் இருக்கும். இரவுப் படத்தில் கறுப்புப் பின்னணியில் விளக்குகள் மட்டுமே.

மாட்ரிட்டிலுள்ள கம்ப்ளுடென்சே பல்கலைக்கழகத்தில் உருவான 'சிட்டீஸ் அட் நைட்' திட்டம் 2014இல் இந்த வேலையைப் பொதுமக்களிடம் கொடுத்தது. முதலில் படத்தில் இருப்பது நகரமா, விண்மீனா, வேறெதுவுமா என்று பிரித்தல். அடுத்து, தொலைநோக்கு லென்சில் எடுத்த படங்கள் எந்த ஊருடையவை என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தல். பின்னர், படத்திலுள்ள புள்ளிகளை வரைபடத்தின் புள்ளிகளோடு பொருத்துதல். கணினியைவிடத் தம் ஊரை நன்கறிந்த மனிதரின் கண் இதில் திறமையாக இருந்தது. ஆற்றின் வளைவையும் ரயில் பாதையின் இருண்ட கீற்றையும் கண்டவுடன் 'இது எங்கள் ஊர்' என்று சொல்லிவிட உள்ளூர்வாசியால் முடியும்.

அப்படி அடையாளம் காண முயல்பவர்கள் சிலவற்றை நினைவில் கொள்வது உதவும். படத்தின் மேற்பக்கம் எப்போதும் வடக்கு அன்று. நிலையத்துக்குள் மேல் கீழ் என்பதே இல்லை. எனவே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆறு, ஏரி, பூங்கா, விமான ஓடுபாதையைச் சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவை கருமையாகத் தெரியும். துறைமுகம் பெரும்பாலும் மிகப் பிரகாசமான திட்டு. அமெரிக்க நகரங்களில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக இருக்கும்; பழைய ஐரோப்பிய நகரங்களில் மையத்திலிருந்து கதிர்போல் பிரியும். பிரேசிலின் தலைநகரான பிரேசிலியா சிறகு விரித்த பறவை வடிவில் திட்டமிடப்பட்டதால் யாராலும் கண்டுகொள்ள முடியும். மெல்லிய மேகம் மூடியிருந்தால் விளக்குகள் கரைந்த சுண்ணாம்புபோல் பரவித் தெரியும். அதைக் குவியப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது.

நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது. ஆகவே லண்டனுக்கு வடக்கே உள்ள நகரங்களைச் சாய்வாக மட்டுமே எடுக்க முடியும். மாஸ்கோ படங்களில் தெருக்கள் ஒருபுறம் நெருங்கித் தெரிவது அதனால்தான். தமிழ்நாடும் இலங்கையும் பாதைக்கு நேர்க்கீழே வருகின்றன. ஆனால் நள்ளிரவில் நம் தெருவை நிலையத்திலிருந்து ஒருவர் படமெடுத்தாலும் நாம் அண்ணாந்து பார்த்து அதைக் காண இயலாது. அந்நேரத்தில் நிலையமும் பூமியின் நிழலுக்குள் இருப்பதால் அதன்மேல் வெயில் படாது. அந்தி நேரத்திலும் விடியலுக்குச் சற்று முன்பும்தான் அது நகரும் விண்மீனாக நம் கண்ணுக்குத் தெரியும்.

பெட்டிட் 2024 செப்டம்பரில் மீண்டும் நிலையத்துக்குச் சென்று, 2025 ஏப்ரலில் தமது 70ஆம் பிறந்தநாளன்று பூமிக்குத் திரும்பினார். இந்த முறை அவர் கொண்டுசென்ற பின்தொடரும் கருவி விண்மீன்களுக்கானது. அதில் எடுத்த படங்களில் விண்மீன்கள் புள்ளிகளாக நிற்க, நகரங்கள் கோடுகளாக இழுபடுகின்றன. 2030க்குப் பிறகு நிலையத்தைப் பணியிலிருந்து விடுவித்துக் கடலில் இறக்க நாசா திட்டமிட்டுள்ளது. இன்னும் இடம் அடையாளம் காணப்படாத இரவுப் படங்கள் அதன் தொகுப்பில் பல்லாயிரக்கணக்கில் உள்ளன.